பல் எடுத்த பிறகு வீட்டு மூலிகைகள்: எதை, எப்போது, எந்த அளவுக்கு? முழுமையான வழிகாட்டி

பல் எடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிறவர்களிடம் என்ன செய்யலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்புவது என் வேலையில் ஒரு பகுதி. "மாத்திரையெல்லாம் வேண்டாம், கைமருந்து ஏதாவது சொல்லுங்களேன்" என்று கேட்பவர்கள் நிறைய. கேட்பதில் தப்பே இல்லை. கிராம்புக்கும் கடுக்காய்க்கும் கொய்யா இலைக்கும் உண்மையிலேயே வேலை இருக்கிறது. தப்பு நடப்பது வரிசையில்தான். மூன்றாம் நாள் செய்ய வேண்டியதை முதல் நாள் ராத்திரியே செய்துவிட்டு, நான்காம் நாள் காதுவரை வலிக்கிறது என்று வந்து நிற்கிறார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வலியில் மூலிகை கொஞ்சம் பங்கெடுத்துக்கொள்ளும். கிருமித் தொற்றில் கதை வேறு: ஆன்டிபயாட்டிக் தேவைப்படாதவருக்கு அதற்கு மாற்றாக எதுவும் தேவையில்லை, தேவைப்படுகிறவருக்கு எந்த மூலிகையும் மாற்றாகாது.

கீழே இருப்பது சாதாரணமாகப் பல் எடுத்துக்கொண்ட பெரியவர்களுக்கு. குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் எதையும் மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

1. பல் எடுக்கும் முன்பே முடிக்க வேண்டியவை

நீங்கள் சாப்பிடும் எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையைச் சொல்கிறவர்கள் பூண்டு கேப்சூல், மஞ்சள் கேப்சூல், தினமும் குடிக்கும் இஞ்சிச் சாறு ஆகியவற்றைச் சொல்வதில்லை; அது சாப்பாடுதானே என்று விட்டுவிடுகிறார்கள். இவை மூன்றுமே அதிக அளவில் போனால் ரத்தம் உறைவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தக்கூடியவை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

இதயத்துக்காக ஆஸ்பிரினோ குளோபிடோக்ரலோ சாப்பிடுகிறீர்கள் என்றால், பல் எடுக்கப் போகிறோமே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். ஈறில் வரும் ரத்தத்தை அழுத்திப் பிடித்தே நிறுத்திவிடலாம். இதயக் குழாயில் அடைப்பு வந்தால் அப்படி முடியாது.

சர்க்கரை நோய், இதய வால்வு அறுவை சிகிச்சை, எலும்புத் தேய்மானத்துக்குப் போடும் ஊசி, முன்பு ஏதாவது மருந்தால் வந்த அலர்ஜி, இந்த நான்கையும் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

வீட்டில் தயாராக இருக்க வேண்டியவை: உப்பு, ஐஸ், சுத்தமான காஸ் துணி, சாதாரண பிளாக் டீ பை இரண்டு, மென்மையான பிரஷ், திரிபலா சூரணம் அல்லது கொய்யா இலை, நான்கைந்து கிராம்பு. பல் எடுத்த அன்று வாய் மரத்துப்போன நிலையில் நாட்டு மருந்துக் கடையைத் தேடி அலைய முடியாது.

2. ஆன்டிபயாட்டிக் கேள்வியைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

நாற்காலியை விட்டு எழும்போதே கேளுங்கள்: "எனக்கு ஆன்டிபயாட்டிக் அவசியமா? எதற்காக?" பதில் இரண்டில் ஒன்றாக இருக்கும்.

உடம்பு ஆரோக்கியமாக இருந்து, பல்லும் சிக்கலில்லாமல் வந்துவிட்டது என்றால் பெரும்பாலும் தேவையிருக்காது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2021இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், ஞானப்பல் எடுத்த ஆரோக்கியமானவர்களில் சுமார் 19 பேருக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தால்தான் ஒருவருக்கு வரவிருந்த தொற்று தடுக்கப்படுகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மீதிப் பேருக்குப் பலன் இல்லை. வயிற்றுப்போக்கு, அலர்ஜி, மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாவது ஆகிய தொல்லைகளுக்கு மட்டும் வாய்ப்பு இருக்கிறது. இந்த நிலையில் மாத்திரை இல்லாமல் இருப்பதே சரி. அந்த இடத்தை நிரப்ப மூலிகையும் வேண்டாம்.

சீழ் கட்டியிருக்கிறது, காய்ச்சல் இருக்கிறது, வீக்கம் கன்னத்துக்கோ தாடைக்கு அடியிலோ பரவுகிறது, சர்க்கரை கட்டுக்குள் இல்லை, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் என்றால் நிலைமையே வேறு. செயற்கை இதய வால்வு உள்ளவர்களுக்குப் பல் எடுப்பதற்கு 30 முதல் 60 நிமிடம் முன்பே ஒரு வேளை மருந்து கொடுப்பார்கள். இவர்கள் யாரும் கைமருந்தை நம்பி மாத்திரையை விடக்கூடாது.

காரணம் எளிது. கொப்பளிக்கும் நீர் ஈறின் மேற்பரப்பைத்தான் தொடும். எலும்புக்குள்ளும் தசை இடுக்குகளிலும் இருக்கும் கிருமியை ரத்தத்தின் வழியாகப் போகும் மருந்துதான் எட்டும். மஞ்சளைச் சாப்பிட்டால் ரத்தத்தில் கலந்து அங்கே போகாதா என்று கேட்பார்கள். மஞ்சளில் இருக்கும் குர்குமின் குடலில் உறிஞ்சப்படுவதே மிகக் குறைவு.

கொடுத்த ஆன்டிபயாட்டிக்கைச் சொன்ன நாட்களுக்குச் சாப்பிடுங்கள். மெட்ரோனிடசோல் இருந்தால் மது கூடவே கூடாது. வீட்டில் பழைய அட்டையில் மிச்சமிருக்கும் நான்கு அமாக்சிசிலினை எடுத்துப் போட்டுக்கொள்வது எல்லாவற்றையும்விட மோசம். தொற்றையும் அடக்காது, கிருமிக்குப் பழக்கம் மட்டும் ஏற்படுத்திக் கொடுக்கும்.

3. முதல் 24 மணி நேரம்: குழிக்குள் எதுவும் போகக்கூடாது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து ஒரு கட்டி உருவாகும். முழங்காலில் சிராய்த்தால் பொருக்குத் தட்டுவதுபோல்தான் இதுவும். ஆனால் ஈரமான வாய்க்குள் இருப்பதால் கெட்டிப்படாமல் மெத்தென்று இருக்கும். எலும்பையும் நரம்பு முனைகளையும் மூடிக் காப்பது அதுதான். புது ஈறும் எலும்பும் வளர்வதும் அதன்மேல்தான். அது நகர்ந்துவிட்டால் வேறு எந்த மருந்தும் அதன் வேலையைச் செய்யாது.

வைத்து அனுப்பிய பஞ்சை 30 முதல் 45 நிமிடம் அசையாமல் கடித்திருங்கள். நின்றதா என்று ஐந்து நிமிடத்துக்கொரு முறை எடுத்துப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் உறைய ஆரம்பித்தது பிய்ந்து வரும்.

பஞ்சை எடுத்த பிறகும் ரத்தம் கசிந்தால், முதல் நாளில் அனுமதிக்கக்கூடிய ஒரே தாவரப் பொருள் டீ பை. வெந்நீரில் நனைத்து, ஆறவிட்டு, நன்றாகப் பிழிந்து, காஸ் துணியில் சுற்றி 30 நிமிடம் கடித்திருங்கள். தேயிலையில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் திசுவைச் சுருங்க வைக்கும். ரத்தம் உறையவும் துணை செய்யும். தூள் உள்ளே கொட்டிவிடக்கூடாது, அதற்காகத்தான் துணி.

எச்சிலைத் துப்பாதீர்கள், விழுங்குங்கள். வாய்க்குள் பஞ்சு வைத்ததுமே எல்லோருக்கும் துப்பத்தான் தோன்றும். துப்பும்போதும் ஸ்ட்ராவில் உறிஞ்சும்போதும் வாய்க்குள் உண்டாகும் இழுவை ரத்தக்கட்டியைக் கிளப்பிவிடும். எச்சில் இளஞ்சிவப்பாக வருவது ஒரு நாள் வரைக்கும் சகஜம். ஒரு துளி ரத்தம் வாய் நிறைய எச்சிலைச் சிவப்பாக்கிவிடும், பயப்பட வேண்டாம்.

கன்னத்தின் வெளிப்பக்கம் துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வையுங்கள், 15 நிமிடம் எடுத்துவிடுங்கள். விழித்திருக்கும் வரை இப்படி மாற்றி மாற்றிச் செய்யலாம். ரத்தக் குழாய்களைச் சுருக்கி வீக்கத்தைக் குறைப்பதில் அன்றைக்கு எந்த மூலிகையும் இதற்கு ஈடாகாது. தூங்கும்போது ஒரு தலையணை கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள்: குழியில் மஞ்சள் தூள் அடைப்பது, காபித் தூள் அப்புவது, கிராம்பை முழுசாகச் சொருகுவது, வலி தாங்காமல் புகையிலையை ஒதுக்கிக்கொள்வது. தூள் எதுவானாலும் ரத்தக்கட்டியோடு கலந்து அதை உதிரவைக்கும். உள்ளே தங்கினால் கிருமிக்கு வீடாகும். பீடி, சிகரெட், புகையிலை எல்லாம் குறைந்தது மூன்று நாள் வேண்டாம். புகைபிடிப்பவர்களுக்குத்தான் பின்னால் சொல்லப்போகும் டிரை சாக்கெட் அதிகமாக வருகிறது.

4. வலிக்கு மாத்திரை: எப்போது தொடங்கி எப்போது விடுவது

மரத்துப்போகப் போட்ட ஊசியின் தாக்கம் இரண்டு மூன்று மணி நேரத்தில் குறையத் தொடங்கும். அது முழுசாக இறங்குவதற்குள் முதல் மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும். வலி உச்சிக்குப் போன பிறகு போட்டால் அது அடங்க வெகுநேரம் ஆகும். "தாங்கிப் பார்க்கிறேன்" என்று உட்கார்ந்திருப்பவர்கள்தான் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கிராம்பு எண்ணெயைக் குழிக்குள் ஊற்றுகிறார்கள்.

பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் போதும். சாதாரணப் பல் வலிக்கு இதைத் தாண்டிப் போக வேண்டிய தேவை அபூர்வம். பெரியவர்கள் 24 மணி நேரத்தில் பாராசிட்டமால் 4 கிராமைத் தாண்டக்கூடாது. கல்லீரல் கோளாறோ குடிப்பழக்கமோ இருந்தால் அளவு இன்னும் குறைவு, மருத்துவரிடம் கேளுங்கள். சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் இருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள்.

ஐபுப்ரோஃபெனை வயிற்றில் ஏதாவது இருக்கும்போது மட்டும் போடுங்கள். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், ஆஸ்துமா உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் இதைத் தாங்களாகத் தொடக்கூடாது. மழைக்காலத்தில் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் டெங்கு இல்லை என்று தெரியும்வரை இது வேண்டாம். வலிக்கென்று ஆஸ்பிரினும் வேண்டாம், ரத்தக் கசிவைக் கூட்டும்.

முதல் ஒன்றிரண்டு நாள் நேரம் பார்த்துச் சாப்பிட்டு, மூன்றாம் நாளிலிருந்து வலித்தால் மட்டும் என்று குறைத்துக்கொள்ளுங்கள். மூலிகை உள்ளே வர வேண்டிய இடம் அதுதான். மாத்திரையைக் குறைக்கும்போது மீதமிருக்கும் மந்தமான வலியை அது பார்த்துக்கொள்ளும். முதல் நாள் வலியை அதன் தலையில் கட்டினால் தாங்காது.

5. இரண்டாம் நாள்: உப்புநீர்

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு. முழுசாகக் கரையட்டும், கல் உப்பு என்றால் அடியில் தங்கும் மண்ணை விட்டுவிட்டுத் தெளிவை மட்டும் எடுங்கள். சூடு, கையில் ஊற்றினால் இதமாக இருக்கும் அளவுக்கு.

வாயில் ஒரு மிடறு வைத்து, எடுத்த பல்லின் பக்கம் தலையைச் சாய்த்து, அரை நிமிடம் அப்படியே நிறுத்துங்கள். எதிர்ப்பக்கம் சாய்த்து நகர்த்துங்கள். அப்புறம் துப்பாமல் வாயைத் திறந்து தானாக வடிய விடுங்கள். பெரும்பாலானவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்: காலையில் பல் தேய்த்துவிட்டுக் கடகடவென்று கொப்பளிக்கும் பழக்கத்தில் அதே வேகத்தைக் காட்டிவிடுகிறார்கள்.

ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும், படுக்கும் முன்பும் இதைச் செய்யுங்கள். உணவுத் துணுக்கை நீக்கிக் குழியைச் சுத்தமாக வைப்பதுதான் இதன் வேலை. தொற்று வராமல் தடுப்பதில் வீட்டில் செய்யக்கூடியவற்றுள் முதலிடம் இதற்குத்தான். உப்பை அள்ளிப் போட்டால் கூடுதல் பலன் கிடைக்காது, புண் எரியும்.

மற்ற பற்களை இரண்டாம் நாளிலிருந்து வழக்கம்போல் பிரஷ் செய்யுங்கள். எடுத்த இடத்துக்குப் பக்கத்தில் மட்டும் மெதுவாக.

6. மூன்றாம் நாளிலிருந்து: மூலிகைக் கொப்பளிப்பு

ரத்தக்கட்டி கொஞ்சம் இறுகிய பிறகு, உப்புநீரில் இரண்டு வேளையை மட்டும் மூலிகை நீருக்குக் கொடுக்கலாம். மற்ற வேளைகள் உப்புநீரே.

திரிபலா சூரணம் ஒரு டீஸ்பூனை 200 மி.லி. நீரில் போட்டுப் பாதியாகச் சுண்டக் காய்ச்சுங்கள். ஆறியதும் நெருக்கமான வெள்ளைத் துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். டீ வடிகட்டி போதாது. வடித்ததைக் கண்ணாடி டம்ளரில் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள், அடியில் பழுப்பாக ஒரு படலம் படியும். அந்தத் துகள்தான் குழியில் போய் உட்காரும். மேலே இருக்கும் தெளிவை மட்டும் ஊற்றி எடுங்கள்.

திரிபலாவில் சேரும் கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றிலும் டானின் நிறைய. ஈறைச் சுருக்கி இறுக்கும், பற்படலத்தில் சேரும் கிருமிகளையும் குறைக்கும். திரிபலாக் கொப்பளிப்பைக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கொப்பளிப்பு மருந்தோடு ஒப்பிட்ட ஆய்வுகள் இந்தியாவில் நடந்திருக்கின்றன. அவை பெரும்பாலும் பற்படலத்தையும் ஈறு வீக்கத்தையும் பற்றியவை. பல் எடுத்த குழிக்குள் வரும் தொற்றை அது குணமாக்கும் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது.

திரிபலா கிடைக்காவிட்டால் ஐந்தாறு கொழுந்துக் கொய்யா இலையைக் கழுவி, ஒரு டம்ளர் நீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டிக்கொள்ளலாம். துவர்ப்பு நன்றாக இருக்கும், தூள் தொல்லையும் இல்லை. பழகாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

காய்ச்சிய நீரை அன்றன்றைக்கே முடித்துவிடுங்கள். மருத்துவர் வாய் கொப்பளிக்க மருந்து எழுதியிருந்தால் அதை மட்டும் பயன்படுத்துங்கள், இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம்.

7. கிராம்பு: மதிப்பும் ஆபத்தும்

கிராம்பு எண்ணெயில் பெரும்பகுதி யூஜெனால். நரம்பை மரத்துப்போகச் செய்யும் பொருள் இது. பல் மருத்துவமனைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும் அந்த வாசனை இதுதான். துத்தநாக ஆக்சைடு பொடியோடு குழைத்துத் தற்காலிகமாகப் பல்லை அடைக்கப் பயன்படுத்துகிறார்கள். ஆக, கிராம்புக்கு மருந்துக் குணம் இருக்கிறதா என்பதில் சந்தேகமே இல்லை. அளவும் இடமும்தான் பிரச்சனை.

நீர்க்கச் செய்யாத கிராம்பு எண்ணெய் திறந்த புண்ணில் பட்டால் திசு வெந்துபோகும். ஈறு வெளுத்து, தொட்டால் தோல் உரியும். ஒரு மணி நேரம் மரத்திருந்துவிட்டு, அப்புறம் பழைய வலியோடு புது எரிச்சலும் சேரும்.

பாதுகாப்பான வழி கிராம்பு நீர். மூன்று நான்கு கிராம்பை ஒரு டம்ளர் நீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, வடிகட்டி, வெதுவெதுப்பாக ஒரு மிடறு வாயில் வைத்திருந்து வடிய விடுங்கள். மூன்றாம் நாளிலிருந்து செய்யலாம்.

எண்ணெய்தான் வேண்டும் என்றால் ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெயில் ஒரே ஒரு துளி. பஞ்சுக்குச்சியில் தொட்டு, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, குழிக்குப் பக்கத்து ஈறில் மட்டும் ஒத்தி எடுங்கள். குழிக்குள் வேண்டாம். ஒருநாளைக்கு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். எரிந்தால் நிறுத்திவிடுங்கள்.

சீசாவைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஒன்றிரண்டு டீஸ்பூன் உள்ளே போனாலே சிறு பிள்ளைகளுக்கு வலிப்பு வரலாம், கல்லீரல் பாதிக்கப்படலாம்.

8. மஞ்சள், இஞ்சி, பூண்டு, நல்லெண்ணெய்

மஞ்சள் பால் குடிக்கலாம், வெதுவெதுப்பாக. இதமாக இருக்கும், வயிறும் நிறையும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். தூளைப் புண்ணில் வைக்காதீர்கள். கடையில் விற்கும் தூளில் நிறத்துக்காக ஈயம் கலந்த பொருளைச் சேர்ப்பதும் நடக்கிறது.

இஞ்சியைத் தட்டி நீரில் காய்ச்சி வடிகட்டி, ஆறவைத்து மூன்றாம் நாளிலிருந்து குடிக்கலாம். வீக்கத்தையும் வலியையும் லேசாகத் தணிக்கும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் தவிர்க்கவும்.

பச்சைப் பூண்டை நசுக்கி வைக்கவே வைக்காதீர்கள். கிருமியைக் கொல்லும் அதே அல்லிசின் வாயின் மெல்லிய தோலையும் பொசுக்கிவிடும். கன்னத்தின் உள்பக்கம் கொப்புளத்தோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எண்ணெய்க் கொப்பளிப்பு செய்கிறவர்கள் ஈறு மூடும்வரை, அதாவது இரண்டு வாரமாவது, நிறுத்திவையுங்கள். பத்து நிமிடம் வாய்க்குள் இழுத்து இழுத்துக் கொப்பளிப்பது ரத்தக்கட்டிக்கு நல்லதல்ல. "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்பது இருக்கிற பல்லுக்கு. எடுத்த இடத்தில் குச்சி படக்கூடாது.

9. குழியைப் பார்க்கும்போது

இரண்டாம் மூன்றாம் நாள் கண்ணாடியில் பார்த்தால் குழியின் மேல் வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ ஒரு படலம் தெரியும். சீழ் பிடித்துவிட்டது என்று பயந்து பஞ்சால் துடைப்பவர்களும், பல்குச்சியால் சுரண்டுபவர்களும் உண்டு. அது ஆறுவதற்கான படலம். விட்டுவிடுங்கள். சீழ் என்றால் அழுத்தினால் வடியும், உப்புக் கரிக்கும், நாற்றம் இருக்கும், கூடவே வீக்கமும் இருக்கும்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது வேறு. குறைந்துகொண்டே வந்த வலி இரண்டு முதல் நான்காம் நாளுக்குள் திடீரென்று ஏறி, காதுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் இழுத்தால், குழி காலியாக எலும்பு தெரிந்தால், வாயில் கெட்ட சுவை இருந்தால் அது டிரை சாக்கெட். கீழ்க்கடைவாயில் ஞானப்பல் எடுத்தவர்களுக்கு இது அதிகம். இதற்குக் காரணம் ரத்தக்கட்டி போய்விட்டது; கிருமித் தொற்று இல்லாததால் ஆன்டிபயாட்டிக் இதைச் சரிசெய்யாது. மூலிகை நீரும் சரிசெய்யாது. மருத்துவர் குழியைக் கழுவி, பெரும்பாலும் யூஜெனால் கலந்த மருந்தையே உள்ளே வைப்பார். வைத்த கொஞ்ச நேரத்தில் முகமே மாறிவிடும். வீட்டிலேயே கிராம்பு எண்ணெயை ஊற்றி அதைச் செய்ய முயலாதீர்கள். அளவும் கலவையும் வேறு.

10. சாப்பாடு

முதல் நாள் ஆறிய கஞ்சி, மோர், குழைத்த தயிர்சாதம். மரப்பு போகும் முன் மென்று சாப்பிடாதீர்கள், கன்னத்தையும் உதட்டையும் கடித்துக்கொள்வீர்கள். இரண்டாம் நாளிலிருந்து சாம்பாரில் ஊறிய இட்லி, இடியாப்பம், மசித்த வாழைப்பழம். ரவை, எள், முறுக்கு, மிளகு தூக்கலான ரசம் ஒரு வாரம் கழித்து. எள் ஒன்று குழிக்குள் போய் உட்கார்ந்தால் எடுப்பது பெரும்பாடு.

11. கைமருந்தை நிறுத்திவிட்டுக் கிளம்ப வேண்டிய நேரம்

புதுப் பஞ்சை 30 நிமிடம் அழுத்திக் கடித்தும் ரத்தம் நிற்கவில்லை, மூன்று நாளுக்குப் பிறகு வீக்கம் குறையாமல் கூடுகிறது, காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுகிறது. மறுநாளும் உதடோ தாடையோ மரத்தே இருக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே பல் மருத்துவரிடம் போங்கள்.

தாடைக்கு அடியிலோ நாக்குக்கு அடியிலோ வீங்கி, விழுங்கவோ மூச்சு விடவோ பேசவோ சிரமமாக இருந்தால் பல் மருத்துவமனை திறக்கக் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். இந்தத் தொற்று சில மணி நேரத்தில் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியது.

எங்கே போனாலும் என்ன மூலிகை, எந்த அளவில், கடைசியாக எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்று அங்கே சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று மறைப்பவர்கள்தான் அதிகம். கிராம்பு எண்ணெய் பட்டு வெளுத்த ஈறும் தொற்றால் அழுகும் ஈறும் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருக்கும். நீங்கள் சொன்னால்தான் அவர்களால் சரியான சிகிச்சையைத் தொடங்க முடியும்.